வாட்டர்ஸா? கில்மரா? ரெண்டு பேரையும் கொஞ்சம் ஓரமா உக்காரச் சொல்லுங்க!

முன்னெச்சரிக்கை: பதிவு நீளம். பிங்க் ஃப்ளாய்டா, அது என்ன புது சோப்பான்னு கேக்கறவங்க இப்பவே அப்பீட் ஆயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். மத்தவங்க ஒரு காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. சண்டை போடத்தான் கூப்பிடறேன் :-)

ராஜாவா ரகுமானாங்கற குடுமிப்பிடிக்கு அப்புறம் நான் வாழ்க்கையில அதிகமா பார்த்த சண்டை இதுதான். நாலு ராக் பிரியர்கள் ஒரு டீக்கடையில கூடினா அஞ்சாவது நிமிஷம் ஆரம்பிச்சிடும். ஒரு கோஷ்டி சொல்லும்: "ரோஜர் வாட்டர்ஸ்தான் ஃப்ளாய்ட். அவர் போன அப்புறம் மிச்சம் இருந்தது வெறும் லைட் ஷோ." இன்னொரு கோஷ்டி: "டேவிட் கில்மரோட கிடாரும் குரலும் இல்லாட்டி வாட்டர்ஸ் வெறும் அழுமூஞ்சிக் கவிஞர்." மூலையில ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு "சிட் பாரெட் போனதோட எல்லாம் முடிஞ்சு போச்சு"ம்பார். அவர் 1967ல வந்த முதல் ஆல்பத்தைத் தாண்டி வரவே மாட்டார். அவரை விட்டுடுங்க, பாவம்.

இந்த மூணு கோஷ்டிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. கீபோர்டு பின்னாடி உக்காந்திருந்த மனுஷன் பேரை ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும், "ஆமா, ரிக் ரைட்... நல்லா வாசிப்பார்ல?" அவ்ளோதான். கல்யாண வீட்டுல மாப்பிள்ளையோட ஒன்னுவிட்ட சித்தப்பாவை விசாரிக்கிற மாதிரி.

என் கட்சி என்னன்னு இப்பவே சொல்லிடறேன், அப்புறம் சுத்தி வளைச்சுட்டேன்னு சொல்லாதீங்க. நீங்களும் நானும் எதை 'ஃப்ளாய்ட் சவுண்டு'ன்னு சொல்றோமோ, அதுல பெரும்பங்கு ரிச்சர்ட் ரைட்டோடது. வாட்டர்ஸ் அதுக்கு வார்த்தை போட்டார். கில்மர் அது மேல கிடார்ல பாடினார். ஆனா அந்த இடம், அந்தக் காத்து, அந்த ஈரம் எல்லாம் ரைட் கட்டினது. அப்படிக் கட்டின ஆளை வீட்டை விட்டுத் துரத்தி, அப்புறம் அதே வீட்டுக்குச் சம்பளத்துக்கு வரச் சொன்னாங்க. இதை ஒரு தரப்பு மட்டும் செய்யல, ரெண்டு தரப்பும் செஞ்சது. அதனாலதான் ரெண்டு தரப்பும் இதைப் பத்திப் பேச மாட்டேங்குது.

இப்ப ஏன் இந்த வெறின்னு கேட்டா, 2023 பிப்ரவரியில ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் பேட்டியில வாட்டர்ஸ் சொன்னது இன்னும் தொண்டையில நிக்குது. கில்மருக்கும் ரைட்டுக்கும் பாட்டெழுத வராதாம். சொல்றதுக்கு அவங்ககிட்ட ஒண்ணும் கிடையாதாம். அவங்க கலைஞர்களே இல்லையாம். கில்மர் உயிரோட இருக்கார், அவர் வீட்டம்மா பாலி சாம்சன் எழுத்தாளர், அவங்க திருப்பிக் குடுத்துப்பாங்க. (அதே மாசம் வேற விஷயத்துல குடுக்கவும் செஞ்சாங்க. அந்த அரசியல்ல யார் சரிங்கறது வேற பதிவு.) ரைட் 2008 செப்டம்பர் 15லயே செத்துப் போயிட்டார். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி போன மனுஷன் எங்கேருந்து வந்து பதில் சொல்லுவார்? அதான் நான் கிளம்பிட்டேன்.

முதல்ல கணக்கு. ஆல்பம் அட்டையில அச்சடிச்ச கணக்கு.

'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', மார்ச் 1973. நாலு கோடிக்கு மேல வித்த ஆல்பம். 1973லேர்ந்து 1988 வரைக்கும் பில்போர்டு பட்டியல்ல மொத்தம் 741 வாரம் உக்காந்திருந்துச்சு. அதுல பத்து டிராக். இசையமைப்பாளர் பேர் போட்டிருக்கற இடத்தை எண்ணிப் பாருங்க. வாட்டர்ஸ் பேர் ஏழுல இருக்கு. சரி, மறுக்கல. பாட்டு வரிகள் மொத்தமும் அவரோடது, அதையும் மறுக்கல. அடுத்தது யாரு? கில்மரா? இல்லீங்க, கில்மர் நாலுதான். ரைட் அஞ்சு! 'ப்ரீத்', 'டைம்', 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை', 'அஸ் அண்ட் தெம்', 'எனி கலர் யூ லைக்'. உலகமே கொண்டாடுற ஆல்பத்துல பாதிக்குப் பாதி டிராக்ல பேர் இருக்கற ஆளுக்குப் பாட்டெழுத வராதாம். நல்லா இருக்கு நியாயம்!

கணக்கை விடுங்க, காதுக்கு வருவோம்.

'அஸ் அண்ட் தெம்' எங்கேருந்து வந்துச்சு? இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி 'ஜாப்ரிஸ்கி பாயிண்ட்'னு ஒரு படம் எடுத்தார், 1970ல வந்துச்சு. அதுல போலீஸும் மாணவர்களும் மோதிக்கிற காட்சிக்கு ரைட் பியானோவுல ஒரு மெட்டு போட்டுக் குடுத்தார். அடிதடிக் காட்சிக்கு அமைதியான பியானோ! அந்தோனியோனி கேட்டுட்டு, அழகாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப சோகமா இருக்கு, சர்ச் ஞாபகம் வருதுன்னு சொல்லித் தள்ளிட்டாராம். இதைச் சொன்னது வேற யாரும் இல்ல, வாட்டர்ஸேதான். தள்ளின மெட்டை எடுத்து வச்சு, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வாட்டர்ஸ் அதுக்குப் போர் பத்தி வரி எழுதினார். வரி அருமை. ஆனா வரி வர்றதுக்கு முன்னாடியே அந்தச் சோகம் அங்க இருந்துச்சுங்க. அதுக்கு சாட்சி, வரியே இல்லாம அதைக் கேட்டு சோகம்னு சொன்ன ஒரு இத்தாலியர்.

'ப்ரீத்' பாட்டுல ஒரு சரணத்துலேர்ந்து அடுத்ததுக்குத் திரும்பற இடத்துல ஒரு கார்டு வரும். ராக் பாட்டுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத மாதிரி வளைஞ்சு வரும். அது மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) கேட்டு மனசுல தங்கினதுன்னு ரைட் ஒரு ஆவணப்படத்துல பியானோ முன்னாடி உக்காந்து வாசிச்சுக் காட்டியிருப்பார். மத்த மூணு பேரும் ப்ளூஸ், ராக்னு கேட்டுக்கிட்டிருந்தப்ப இந்த ஆள் ஜாஸ் கேட்டுக்கிட்டு இருந்தார். அதனாலதான் ஃப்ளாய்ட் பாட்டு மத்த ராக் பாட்டு மாதிரி முட்டி மோதிக்கிட்டு ஓடாம மிதக்குது.

'கிரேட் கிக்' பத்தித் தனியா சொல்லணும். பியானோ மெட்டு ரைட்டோடது. 1972ல மேடையில வேற வடிவத்துல, ஆர்கனோட, சாவு பத்தின பேச்செல்லாம் கலந்து வாசிச்சுப் பார்த்தாங்க. கடைசியில 1973 ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை, கிளேர் டோரின்னு 25 வயசுப் பாடகியை ஆபி ரோடு ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு, வார்த்தை கிடையாது, குரலை மட்டும் விடுன்னாங்க. அந்தம்மா கதறினது உங்களுக்கே தெரியும். கூலி 30 பவுண்டு. 2004ல அந்தம்மா வழக்குப் போட்டாங்க, 2005ல சமரசம் ஆச்சு. அதுலேர்ந்து ரைட் பேருக்குப் பக்கத்துல டோரி பேரும் இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு பாருங்க, ஒரு பேரை அச்சடிக்க. இந்த விஷயத்துல ரைட்டையும் சேர்த்தேதான் கேள்வி கேக்கணும், என் ஆளுங்கறதுக்காக விட மாட்டேன்.

'எக்கோஸ்'. 1971ல வந்த 'மெடில்' ஆல்பத்தோட ரெண்டாம் பக்கம் மொத்தமும் இந்த ஒரே பாட்டு, இருபத்தி மூணரை நிமிஷம். ஆரம்பத்துல 'ணிங்'னு ஒரு சத்தம். கடலுக்கடியில நீர்மூழ்கிக் கப்பல் மணி அடிச்ச மாதிரி. அது என்னன்னு நினைக்கறீங்க? பியானோவுல ஒரே ஒரு கட்டை. அதை லெஸ்லி ஸ்பீக்கர் வழியா விட்டாங்க. பெட்டிக்குள்ள சுத்திக்கிட்டே ஒலி விடற ஸ்பீக்கர் அது, அதான் ஒலி அப்படி அலையுது. ஒரு கட்டை, ஒரே கட்டைங்க! அந்த ஒரு சத்தத்துலேர்ந்துதான் மொத்தப் பாட்டும் விரியுது. பாட்டுல ரெண்டு குரல் ஒண்ணாப் போகுமே, கில்மர்னு நினைச்சுக் கேட்டுக்கிட்டிருப்பீங்க. ஒண்ணு கில்மர், இன்னொண்ணு ரைட். எத்தனை பேருக்குத் தெரியும்? 'டைம்' பாட்டுல கில்மரோட காட்டுக்கத்தல் முடிஞ்சு, மெத்துனு நடுவுல ஒரு குரல் வருமே, அதுவும் ரைட்தான். அதையும் கில்மர் கணக்குலதான் எழுதி வச்சிருக்காங்க நம்மாளுங்க.

இங்க என் சொந்தக் கதை கொஞ்சம். காலேஜ் ஹாஸ்டல்ல எங்க விங்குக்கே ஒரே ஒரு டிடிகே 90 கேசட். ஒரு பக்கம் 45 நிமிஷம். ஒரு பக்கத்துல 'டார்க் சைட்', மறுபக்கத்துல 'விஷ் யூ வேர் ஹியர்'. ரெண்டு ஆல்பமும் 45 நிமிஷத்துக்குள்ள கச்சிதமா அடங்கிடும், ஆண்டவனே அளந்து வச்ச மாதிரி. அந்தக் கேசட்டை வச்சுக்கிட்டு கேட்ட பசங்கள்ல பாதி பேர் தமிழ் மீடியம். ப்ளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் பாட்டுன்னா மைக்கேல் ஜாக்சன் மட்டும்தான். வாட்டர்ஸ் என்ன எழுதியிருக்கார், போர் பத்தியா, பைத்தியம் பத்தியா, பணம் பத்தியா, ஒரு மண்ணும் புரியாது. வெள்ளைக்காரன் உச்சரிப்பு வேற. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு லைட்டை அணைச்சிட்டு எட்டுப் பேர் தரையில படுத்துக்கிட்டுக் கேப்போம். ஒருத்தனும் பேச மாட்டான்.

எதைக் கேட்டோம்? வரியை இல்ல. வரி புரிய எங்களுக்கு மூணு வருஷம் ஆச்சு. ரெண்டு ரூம் தள்ளிப் படுத்திருந்தவனுக்குக் கிடார் கூட அரைகுறையாத்தான் கேக்கும். சுவரைத் தாண்டி வர்றது அந்த ஆர்கனோட நீண்ட ரீங்காரம்தான். எங்களை முதல்ல பிடிச்சது அது. வரியெல்லாம் அப்புறம் வந்த மரியாதை. இதை வாட்டர்ஸ் கட்சிக்காரங்ககிட்ட சொன்னா, "உனக்கு இங்கிலீஷ் தெரியலன்னா அது வாட்டர்ஸ் தப்பா"ங்கறாங்க. இல்லீங்கண்ணா. இங்கிலீஷ் தெரியாதவனையும் கட்டிப் போட்டது யாருன்னு கேக்கறேன், அவ்ளோதான்.

2002 ஏப்ரல்ல வாட்டர்ஸ் பெங்களூரு வந்தாரு. பேலஸ் மைதானம். சென்னையிலேர்ந்து ராத்திரி பஸ் பிடிச்சுப் போன கூட்டத்துல நானும் உண்டு. மனுஷன் அட்டகாசமா பண்ணினார், குறை சொல்ல மாட்டேன். 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டைமண்ட்' ஆரம்பத்துல அந்த சிந்தசைசர் ரீங்காரம் மெதுவா எழும்பிச்சு பாருங்க, மைதானமே ஓன்னு கத்திச்சு. கிடார் இன்னும் ஆரம்பிக்கல. வாட்டர்ஸ் வாயைத் திறக்கவே இல்ல. யாருக்காகக் கத்தினோம் அப்ப? பக்கத்துல நின்ன நண்பர்கிட்ட கேட்டேன். "ஃப்ளாய்டுக்குய்யா!"ன்னார். அதைத்தான் நானும் சொல்றேன். மேடையில வாசிச்சவர் வேற ஆள், வாசிச்சது ரைட்டோட ரீங்காரம்.

அந்தப் பாட்டு (1975) சிட் பாரெட்டை நினைச்சு எழுதினதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒன்பது பகுதி. கடைசிப் பகுதி ரைட் ஒருத்தரே எழுதினது. அது முடியற இடத்துல, சத்தம் கரையறப்ப, காதை நல்லாத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க: சிட் எழுதின 'ஸீ எமிலி ப்ளே' பாட்டோட மெட்டு சின்னதா வந்துட்டுப் போகும். நூறு வரி எழுதிச் சொல்ல வேண்டியதை நாலு நோட்டுல சொல்லிட்டார். இவருக்குத்தான் சொல்றதுக்கு ஒண்ணும் கிடையாதாம்.

சிட்டோட உடைஞ்ச காலத்துல ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தாங்க. சிட்டைக் கூட்டிக்கிட்டுப் போனா கச்சேரி கெடும். கூப்பிடாமப் போறதைச் சொல்லவும் மனசு வராது. அதனால "சிகரெட் வாங்கிட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டுப் போய் கச்சேரி வாசிச்சிட்டு வருவாராம். ரைட்டே பின்னாடி சொன்னது இது. 1970ல சிட்டோட ரெண்டாவது தனி ஆல்பத்தைக் கில்மரும் இவரும்தான் உக்காந்து தயாரிச்சுக் குடுத்தாங்க. சிட் கட்சிக்காரரே, இதையும் மூலையில உக்காந்தபடியே குறிச்சுக்குங்க.

இப்ப துரத்தின கதை.

1977ல வந்த 'அனிமல்ஸ்'ல ரைட் பேர்ல ஒரு பாட்டு கூடக் கிடையாது. அந்த மாதிரி வந்த முதல் ஆல்பம் அது. ஆனா 'ஷீப்' பாட்டைப் போட்டுப் பாருங்க, ஆரம்பத்துல ஆட்டு மந்தை மேல பொழுது சாயற மாதிரி ஒரு எலக்ட்ரிக் பியானோ தனியா நடந்து வரும். யாரு? ரைட். பேர் இருக்கா? இல்ல. பாட்டு வாட்டர்ஸ் பேர்ல. மெட்டும் வரியும் எழுதினவருக்குத்தான் பேர், அலங்காரம் பண்ணினவருக்குக் கிடையாதுன்னு ஒரு சட்டம் பேசுவாங்க. நம்மூர்ல தவில்காரரை, வயலின்காரரை 'பக்க வாத்தியம்'னு ஒதுக்கற அதே சட்டம். கச்சேரி தூக்கி நிக்கறது யாராலன்னு கேட்டவனுக்குத் தெரியும்.

1979. 'தி வால்' பதிவு நடக்குது. பணமுதலீட்டுல ஏமாந்து குழுவே கடன்ல நிக்குது, வரிக்குப் பயந்து பிரான்ஸ்ல உக்காந்து பதிவு பண்றாங்க. வருஷக் கடைசிக்குள்ள ஆல்பம் வந்தாகணும்னு கம்பெனி ஆசை காட்டுது. ரைட் அப்ப கிரீஸ்ல பிள்ளைகளோட விடுமுறையில இருக்கார். குடும்பம் ஆட்டம் கண்டுக்கிட்டிருந்த நேரம். விடுமுறையை வெட்டிட்டு சீக்கிரம் வான்னாங்க. மாட்டேன், சொன்ன தேதிக்குத்தான் வருவேன்னார். வாட்டர்ஸ் தீர்ப்பு: ஆல்பம் முடிஞ்சதும் இவர் குழுவை விட்டுப் போயிடணும், இல்லாட்டி ஆல்பமே வராது.

போனார். வெளியே யாருக்கும் சொல்லல. 1980, 81ல 'தி வால்' மேடை நிகழ்ச்சிகள்ல அதே ரைட் அதே கீபோர்டு பின்னாடி சம்பளத்துக்கு வாசிச்சார். பார்க்க வந்தவங்களுக்கு அவர் உறுப்பினர் இல்லைங்கறதே தெரியாது. அந்தச் சுவரு, பொம்மை, விமானம்னு செலவு கட்டுக்கடங்காமப் போய் நிகழ்ச்சி நஷ்டம். நஷ்டத்தை மூணு முதலாளிகளும் பங்கு போட்டுக்கிட்டாங்க. சம்பளக்காரர் ஒருத்தருக்கு மட்டும் லாபம் :-) இதை ஃப்ளாய்ட் ரசிகர்கள் ஜோக்காவே சொல்லிச் சிரிக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வர்றதில்ல. 1965ல கூட இருந்து ஆரம்பிச்ச ஆளு, பதினஞ்சு வருஷம் கழிச்சுத் தன் பாட்டையே கூலிக்கு வாசிச்சிட்டுப் போறார். லாபமா அது?

1983ல வந்த 'தி ஃபைனல் கட்'ல ரைட் கிடையாது. ரைட் இல்லாத ஃப்ளாய்ட் எப்படி இருக்கும்னு யாருக்காவது சந்தேகம்னா அதைப் போட்டுக் கேளுங்க. வரி பிரமாதம், கோபம் நிஜம். மூச்சு விட இடம் இருக்கா? சன்னலே இல்லாத ரூமுக்குள்ள ஒருத்தர் 43 நிமிஷம் திட்டிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கும்.

இதுவரைக்கும் படிச்சிட்டுக் கைதட்டற கில்மர் கட்சிக்காரங்களே, கையைக் கீழ இறக்குங்க. உங்க ஆள் லட்சணம் அடுத்து.

வாட்டர்ஸ் 1985 டிசம்பர்ல விலகினார். பேர் யாருக்குன்னு நீதிமன்றத்துல சண்டை. கில்மரும் மேசனும் 1987ல 'எ மொமெண்டரி லேப்ஸ் ஆஃப் ரீஸன்' கொண்டு வந்தாங்க. ரைட்டைத் திரும்பக் கூப்பிட்டாங்க. எப்படி? மறுபடி சம்பளத்துக்கு! ஆல்பத்துக்குள்ள போட்ட போட்டோவுல ரெண்டே பேர்தான், கில்மர், மேசன். ரைட் பேரு வாடகைக்கு வந்த கலைஞர்கள் பட்டியல்ல. சட்டச் சிக்கல்னாங்க, இருந்திருக்கும். அந்த ஆல்பத்துல ரைட் வாசிச்சதும் கொஞ்சமேதான். ஆல்பமும் அப்படித்தான் இருக்கும், எண்பதுகளோட பிளாஸ்டிக் பளபளப்பு.

இதுல ரசமான விஷயம், 2019ல அதே ஆல்பத்தைத் திரும்பக் கலந்து வெளியிட்டாங்க. என்ன பண்ணினாங்க தெரியுமா? மேடையில ரைட் வாசிச்ச பழைய பதிவுகளை எடுத்து உள்ள சேர்த்தாங்க. மேசன் டிரம்ஸைப் புதுசா வாசிச்சார். ஆக, செத்துப் பதினோரு வருஷம் ஆனவரைக் கூப்பிட்டு உக்கார வச்சாத்தான் ஃப்ளாய்ட் ஆல்பம் ஃப்ளாய்ட் மாதிரி இருக்கும்னு அவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. இதுக்கு மேல நான் என்ன வாதாடறது?

1994 'தி டிவிஷன் பெல்'ல ரைட் மறுபடி முழு உறுப்பினர். பதினோரு பாட்டுல அஞ்சுல பேர். 'வேரிங் தி இன்சைட் அவுட்'டை அவரே பாடினார், 'டார்க் சைட்' காலத்துக்கு அப்புறம் ஃப்ளாய்ட் ஆல்பத்துல முதல் தடவையா. 'மரூண்ட்'டுக்கு கிராமி கிடைச்சுது, எழுதினது கில்மரும் ரைட்டும். எழுத வராத ரெண்டு பேரும் சேர்ந்து எழுதி கிராமி வாங்கிட்டாங்கன்னு வச்சுக்குங்க.

எதிர்த்தரப்பு வாதம் ஒண்ணு இருக்கு, நியாயமானது. 'தி வால்' சமயத்துல ரைட் ஒண்ணுமே கொண்டு வரல, ஸ்டுடியோவுக்கு வந்து சும்மா உக்காந்திருந்தார், சுமையாத்தான் இருந்தார். உண்மை. ரைட்டே பின்னாடி பேட்டிகள்ல ஒத்துக்கிட்டிருக்கார். தன் 1984 ஆல்பத்தைத் தப்பான சோதனைன்னு தானே சொன்ன மனுஷன், பொய் பேசற ஆள் கிடையாது. சண்டை போடவும் தெரியாது, தன்னை விக்கவும் தெரியாது. ஆனா ஒரு குழுவுல பத்து வருஷம் பொங்கிப் போட்டவனுக்கு ரெண்டு வருஷம் அடுப்பு எரியலன்னா, கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளறதா? மேசனுக்கு எத்தனை பாட்டுல பேர் இருக்கு சொல்லுங்க? அவரைத் தள்ளலையே. தள்ளவும் கூடாது, அது வேற.

பேரு, பேருன்னு ஏன் கிடந்து அடிச்சிக்கறேன்னு கேக்கலாம். 2024 அக்டோபர்ல ஃப்ளாய்டோட ஒலிப்பதிவு உரிமை, பேரு, படம் எல்லாத்தையும் சோனி வாங்கிடுச்சு, சுமார் 40 கோடி டாலர்னு செய்தி. அதுல சேராதது ஒண்ணே ஒண்ணு, பாட்டெழுதின உரிமை. அது எழுதினவங்ககிட்டயே இருக்கு. அட்டையில யார் பேர்னு 1973லயும் 77லயும் ஸ்டுடியோவுல பேசி முடிச்சதுதான் இன்னிக்கும் யார் வீட்டுக்குப் பணம் போகுதுங்கறதைத் தீர்மானிக்குது. 'ஷீப்' ஆரம்பத்துக்கு எந்த வீட்டுக்கும் மணியார்டர் போகாது.

வாட்டர்ஸ் 2023 அக்டோபர்ல 'டார்க் சைட்'டைத் தானே தனியா திரும்பப் பண்ணினார். ஒரு விதத்துல அவருக்கு நன்றி சொல்லணும், இத்தனை வருஷ சண்டைக்கு அவரே சோதனை பண்ணிக் காட்டிட்டார். கிடார் தனி ஆவர்த்தனம் எல்லாம் போச்சு. 'கிரேட் கிக்'ல டோரி கதறின இடத்துல வாட்டர்ஸ் உக்காந்து பேசறார். கரகரன்னு, வயசான குரல்ல. ஒரு கிழவரோட டைரின்னு நினைச்சுக் கேட்டா சில இடம் உருக்கமாக் கூட இருக்கு. ஆனா எங்க ஹாஸ்டல் தரையில அதைப் போட்டிருந்தா ரெண்டாவது பாட்டுல எட்டுப் பேரும் குறட்டை விட்டிருப்போம்.

கில்மர் பண்ணினது எனக்கு ஒண்ணு பிடிக்கும். 2006ல அவரோட சுற்றுப்பயணத்துல ரைட்டைக் கூட வச்சுக்கிட்டு 'எக்கோஸ்' வாசிச்சார். போலந்துல க்டான்ஸ்க் கப்பல் பட்டறையில பதிவு பண்ணினது இருக்கு. அந்த ஆல்பம் கடைக்கு வந்தது ரைட் செத்த அடுத்த வாரம். அதுக்கப்புறம் 2016ல கில்மர் பாம்பெயிக்குத் திரும்பப் போனார். 1971ல ஆள் அரவமே இல்லாத அந்தப் பழைய அரங்கத்துல நாலு பேரும் 'எக்கோஸ்' வாசிச்சுப் படம் எடுத்த அதே இடம். (அந்தப் படத்தை 2025ல மெருகேத்தி மறுபடி தியேட்டருக்கு விட்டாங்க.) 'எக்கோஸ்' வாசிப்பீங்களான்னு கேட்டாங்க. ஆசைதான், ஆனா ரிக் இல்லாம வாசிக்க மாட்டேன்னுட்டார். வாட்டர்ஸ் இல்லாம எத்தனையோ வருஷம் வாட்டர்ஸ் பாட்டை வாசிச்ச மனுஷன், ஒரு கீபோர்டுக்காரர் இல்லைன்னு 23 நிமிஷப் பாட்டை மூட்டை கட்டி வச்சுட்டார்.

ரைட் செத்து எட்டாவது நாள் கில்மருக்கு லண்டன்ல ஒரு டிவி நிகழ்ச்சி. எதை வேணா பாடியிருக்கலாம். 1968ல ரைட் எழுதின 'ரிமெம்பர் எ டே'யைப் பாடினார்.

அதையும் கேட்டுட்டு வாங்க. பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு, திட்டறவங்க திட்டலாம். ஒரே நிபந்தனை: திட்டறதுக்கு முன்னாடி 'ஷீப்'போட முதல் ஒண்ணரை நிமிஷத்தைக் கேட்டுட்டு வரணும்.